ஏட்டில் பதிந்தது, காதில் விழவில்லை: டல்லாஸ் அவசரப் பிரிவில் எபோலா, 2014

2014 செப்டம்பர் 25 இரவு, டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்கு நடுவயது ஆண் ஒருவர் காய்ச்சலும் வயிற்றுவலியுமாக வந்தார். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் கழித்து ஆன்டிபயாட்டிக் சீட்டோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். செப்டம்பர் 28 காலை ஆம்புலன்ஸில் திரும்பி வந்தார். அக்டோபர் 8 காலை இறந்துபோனார். அமெரிக்காவுக்குள் வைத்துக் கண்டறியப்பட்ட முதல் எபோலா நோயாளி அவர்தான். அவரைப் பராமரித்த செவிலியர்கள் இருவருக்கு நோய் தொற்றியது, இருவரும் பிழைத்துக்கொண்டார்கள்.

மருத்துவமனை நாடாளுமன்றக் குழுவுக்குக் கொடுத்த கால வரிசை, பத்திரிகைகள் வெளியிட்ட மருத்துவப் பதிவுகள், சுகாதாரத் துறையின் அறிவிப்புகள் எல்லாம் பொதுவெளியில் இருப்பதால், அவசரப் பிரிவில் ஒரு தொற்றுநோய் கைநழுவிய விதத்தை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிற அரிய நிகழ்வு இது. ஆட்களின் பெயரும் மருத்துவமனையின் பெயரும் இங்கே தேவையில்லை.

பின்னணி

2013 டிசம்பரில் கினியின் காட்டோரக் கிராமம் ஒன்றில் தொடங்கிய எபோலா, 2014 நடுவில் லைபீரியா, சியரா லியோன் நாடுகளின் தலைநகரங்களுக்குள் புகுந்திருந்தது. அதற்கு முந்தைய பரவல்கள் பெரும்பாலும் ஒதுக்குப்புற ஊர்களில் மூண்டு அங்கேயே அடங்கியவை. இந்த முறை நோய் பன்னாட்டு விமான நிலையம் இருக்கும் ஊர்களில் இருந்தது. ஆகஸ்ட் 8 அன்று உலக சுகாதார நிறுவனம் பன்னாட்டுப் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது.

சி.டி.சி. எனப்படும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஜூலை 28 அன்றே மருத்துவர்களுக்கு எச்சரிக்கை அனுப்பியிருந்தது. காய்ச்சலோடு வருபவரிடம் கடந்த மூன்று வாரப் பயணத்தைக் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். மூன்று வாரம் என்பதற்குக் காரணம், எபோலா கிருமி உடலுக்குள் போய் அறிகுறி காட்ட 2 முதல் 21 நாள் வரை எடுக்கும். அப்போதைய வரையறையில் இன்னொரு எண்ணும் இருந்தது: 101.5 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் இருந்தால்தான் சந்தேக நோயாளி. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

நோயாளி லைபீரியாவின் தலைநகரான மன்றோவியாவில் வசித்தவர். செப்டம்பர் 15 அன்று, அக்கம்பக்கத்தில் இருந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு உடல் மோசமானபோது டாக்சியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக உதவினார். இடமில்லை என்று திருப்பி அனுப்பியதும் அவரை வீட்டுக்குத் தூக்கிவரவும் கைகொடுத்தார். அந்தப் பெண் இறந்தார். செப்டம்பர் 19 அன்று மன்றோவியா விமான நிலையத்தில் இவருடைய உடல் வெப்பம் 97.3 டிகிரி. எபோலா நோயாளியோடு தொடர்பு உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று படிவத்தில் பதில் இருந்தது. அவர் பொய் சொன்னாரா, அந்தப் பெண்ணின் நோயைக் கர்ப்பச் சிக்கல் என்று நம்பினாரா என்ற வாதம் பின்னாளில் பெரிதாக நடந்தது. அவசரப் பிரிவுக்கு அந்த வாதத்தால் பயனில்லை. கிருமி இன்னும் உள்ளுக்குள் வளரும் கட்டத்தில் இருப்பவரை எந்த வெப்பமானியும் பிடிக்காது. தெரியாமலோ பயந்தோ சொல்லாமல் விடுபவரை எந்தப் படிவமும் பிடிக்காது. விமான நிலையச் சோதனையைத் தாண்டி வருபவர்களுக்கு அடுத்த வாசல் அவசரப் பிரிவுதான்.

பிரஸ்ஸல்ஸ், வாஷிங்டன் வழியாக செப்டம்பர் 20 அன்று டல்லாஸ் வந்து சேர்ந்தார். 24 அன்று உடல்நிலை கெட்டது. கர்ப்பிணியைத் தூக்கிய நாளிலிருந்து அது ஒன்பதாவது நாள்.

முதல் வருகை: செப்டம்பர் 25 இரவு

இரவு பத்தரை மணிக்கு மேல் பதிவு. சுமார் ஒரு மணி நேரம் கழித்து, வருபவர்களை அவசரத்துக்கேற்பப் பிரிக்கும் டிரையாஜ் செவிலியர் பார்க்கிறார். வயிற்றுவலி, தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், சிறுநீர் குறைவு. உடல் வெப்பம் 100.1 டிகிரி. பயணம் பற்றிக் கேட்கப்பட்டது. ‘20ஆம் தேதி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தார்’ என்ற பொருளில் செவிலியர் குறிப்பும் எழுதினார். ஆக, சி.டி.சி. சொன்ன கேள்வி கேட்கப்பட்டது, பதிலும் கிடைத்தது.

நள்ளிரவு தாண்டி மருத்துவர் பார்த்தார். அவருடைய குறிப்பில் நோயாளி உள்ளூர்வாசி என்றும், நோயுற்றவர்களோடு தொடர்பில்லை என்றும் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை, சி.டி. ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். குடல்வால் அழற்சி, பக்கவாதம் போன்றவை இல்லை என்று ஆயிற்று. விடியற்காலை மூன்று மணி அளவில் காய்ச்சல் 103 டிகிரிக்கு ஏறியது. மின்னணு கேஸ் ஷீட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறியே விழுந்திருந்தது. அரை மணி நேரம் கழித்து 101.2. சைனசைட்டிஸ் (முகப்பை அழற்சி), வயிற்றுவலி என்று எழுதி, ஆன்டிபயாட்டிக் கொடுத்து, மூன்றரை மணி சுமாருக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வந்தபோது 100.1, போகும்போது 101.2, நடுவில் 103. காய்ச்சலோடு வந்தவர், வந்ததைவிட அதிகக் காய்ச்சலோடு திரும்பிப் போயிருக்கிறார்.

எங்கே கைநழுவியது

முதல் சில நாட்களில் வெளியே சொல்லப்பட்ட காரணம் மென்பொருள். மின்னணு கேஸ் ஷீட்டில் செவிலியருக்குத் தனித் திரை, மருத்துவருக்குத் தனித் திரை. பயணக் குறிப்பு செவிலியர் திரையோடு நின்றுவிட்டது என்று மருத்துவமனை அக்டோபர் 2 அன்று அறிக்கை விட்டது. மறுநாளே அதைத் திருத்தியது: குறை எதுவும் இல்லை, மருத்துவரும் அந்தக் குறிப்பைப் பார்க்க முடிந்திருக்கும் என்றது. முதல் அறிக்கையில் இருந்த ஒரு விவரம் மட்டும் திருத்தத்தைத் தாண்டியும் நிற்கிறது. பயணக் கேள்வி அந்தப் பதிவேட்டில் எதற்காக வைக்கப்பட்டிருந்தது என்றால், ஃப்ளூ தடுப்பூசி போடலாமா என்று செவிலியர் முடிவெடுப்பதற்கு. எபோலாவுக்காக அல்ல. ஒரு காரியத்துக்காக வைத்த கட்டத்தில் இன்னொரு காரியத்துக்கான பதிலை எழுதினால், அதைத் தேடிப் படிக்க வேண்டியவருக்கு அது அங்கே இருப்பதே தெரியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அதுதான் நடந்தது.

மென்பொருளைக் குற்றம் சொல்வது எளிது. ஆனால் செவிலியருக்கும் மருத்துவருக்கும் நடுவே நாலடி தூரம்தான். ‘ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஐந்து நாள் ஆகிறது’ என்று வாயால் ஒரு வார்த்தை போயிருந்தால் திரை எப்படி இருந்தாலும் பரவாயில்லை. பரபரப்பான இரவுப் பணியில், பதிவேட்டில் எழுதியதே சொன்னதற்குச் சமம் என்ற பழக்கம் எல்லா ஊர் மருத்துவமனைகளிலும் வேரோடியிருக்கிறது.

அடுத்தது ‘ஆப்பிரிக்கா’ என்ற சொல். அது 54 நாடுகள் கொண்ட கண்டம். மொராக்கோவிலிருந்து வந்தவருக்கும் லைபீரியாவிலிருந்து வந்தவருக்கும் அந்த மாதத்தில் இருந்த ஆபத்து மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எந்த நாடு என்று அடுத்த கேள்வி போடாமல் எழுதப்பட்ட பதில் பாதிப் பதில்தான். ‘லைபீரியா’ என்று எழுதியிருந்தால், செய்தித்தாள் படிக்கிற யார் கண்ணிலும் அது பட்டிருக்கும்.

மூன்றாவது, காய்ச்சல் வரம்பு. டிரையாஜில் 100.1 என்பது 101.5 என்ற வரம்புக்குக் கீழே. வரையறையை அச்சுப் பிசகாமல் பின்பற்றியவருக்கு அந்த நிமிடத்தில் இவர் சந்தேக நோயாளி அல்ல. ஆனால் மூன்று மணிக்கு 103 வந்தபோது வரம்பு தாண்டியாயிற்று. அந்த எண் விழுந்ததும் யாராவது மறுபடி டிரையாஜ் பக்கத்துக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். அவசரப் பிரிவில் வரம்புகளை ஒருமுறைதான் ஒப்பிடுகிறோம், வாசலில். உள்ளே வந்தபின் நோயாளி மாறுகிறார், முத்திரை மாறுவதில்லை. மேலும், தொடக்க நாட்களில் எபோலா காய்ச்சல் லேசாக இருக்கலாம். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வந்தால் வாசலில் காய்ச்சலே இல்லாமலும் இருக்கலாம். சி.டி.சி. அக்டோபர் இறுதியில் அந்த 101.5 வரம்பையே கைவிட்டு, காய்ச்சல் உணர்வு இருந்தாலே போதும் என்று மாற்றிக்கொண்டது.

நான்காவது, நோய்ப்பெயர். சைனசைட்டிஸ் தலைவலியை விளக்கும். 103 டிகிரி காய்ச்சலையும் வயிற்றுவலியையும் சிறுநீர் குறைவையும் சேர்த்து விளக்காது. ஸ்கேன் சுத்தமாக இருந்தது என்பது நோய் இல்லை என்பதற்கு ஆதாரம் அல்ல. அறுவை சிகிச்சை தேவைப்படும் நோய் இல்லை என்பதற்கு மட்டுமே ஆதாரம். இப்படி ஒன்றுக்கொன்று ஒட்டாத அறிகுறிகளோடு வெப்பநாட்டிலிருந்து வந்தவருக்கு எபோலா நினைவுக்கு வராவிட்டாலும் மலேரியா வந்திருக்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பியவரின் காய்ச்சலில் முதலில் தேட வேண்டியது மலேரியாவில் மிகக் கொடிய ஃபால்சிபாரம் வகையைத்தான். எபோலா ஆண்டிலும் அது மாறவில்லை. மலேரியா என்று நினைத்திருந்தாலே ‘எந்த நாடு’ என்ற கேள்வி தானாக வந்திருக்கும்.

நியாயமாகச் சொல்வதென்றால், அந்த இரவு வரை அமெரிக்க அவசரப் பிரிவு எதிலும் எபோலா கண்டறியப்படவில்லை. ஆகஸ்டில் அட்லாண்டாவில் சிகிச்சை பெற்ற இருவரும் நோய் உறுதியாகி, தனி விமானத்தில், காத்திருந்த தனி அறைக்கு வந்தவர்கள். நடந்து வந்து வரிசையில் உட்காரும் எபோலாவை அங்கே யாரும் பார்த்ததில்லை.

இரண்டாம் வருகை: செப்டம்பர் 28

காலை பத்து மணி சுமாருக்கு ஆம்புலன்ஸ். இப்போது 103 டிகிரி காய்ச்சலோடு பேதி, வாந்தி. லைபீரியாவிலிருந்து வந்தவர் என்பதை இந்த முறை பார்த்த மருத்துவர் பிடித்துக்கொண்டார்; முகக்கவசம், கையுறை, மேலங்கி போட்டுக்கொண்டு நோயாளியைத் தனிமைப்படுத்தினார்; சுகாதாரத் துறைக்கும் சி.டி.சி.க்கும் தகவல் போனது. ஒரே மருத்துவமனை, ஒரே நோயாளி, ஒரே பயணம். வேறுபாடு, நாட்டின் பெயர் மருத்துவரின் காதில் விழுந்தது என்பதுதான்.

ரத்த மாதிரி டெக்சாஸ் மாநில ஆய்வகத்துக்கும் சி.டி.சி.க்கும் போய், செப்டம்பர் 30 அன்று இரண்டு இடத்திலும் பி.சி.ஆர். (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) பாசிட்டிவ் என்று வந்தது. சந்தேகத்துக்கும் உறுதிக்கும் இடையே இரண்டு நாள். அந்த இரண்டு நாளில்தான் பேதியும் வாந்தியும் கட்டுக்கடங்காமல் போயின. வெளியான மருத்துவப் பதிவுகளின்படி, முழு உடலை மூடும் உடைகள் வந்தது முடிவு உறுதியான பிறகு. அதுவரை மேலங்கி, கையுறை, முகக்கவசம், கண்ணாடி. கழுத்துத் தோல் வெளியே தெரியும் உடை அது. அந்த நாளில் இருந்த சி.டி.சி. வழிகாட்டுதலும் அதை அனுமதித்தது.

ரத்த மாதிரிகள் மூடிய பையில், பிளாஸ்டிக் குடுவைக்குள் வைத்து, கட்டடத்துக்குள் ஓடும் காற்றழுத்தக் குழாய் வழியாக ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன; எதுவும் கசியவில்லை என்று மருத்துவமனை பின்னர் விளக்கியது. கசியவில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் குழாய்க்குள் ஒரு குடுவை உடைந்தால் மருத்துவமனை முழுவதன் மாதிரிப் போக்குவரத்தும் நின்றுவிடும். உள்ளே போய்த் துடைக்கவும் வழியில்லை. இப்படிப்பட்ட மாதிரியைக் கையில் எடுத்து, கசியாத இரண்டாம் உறையில் போட்டு, முன்கூட்டியே ஆய்வகத்துக்குப் போன் செய்து, ஆள் நடந்துபோய்க் கொடுப்பதுதான் முறை.

தீவிர சிகிச்சை

24 படுக்கைகள் கொண்ட தீவிர சிகிச்சைப் பிரிவு முழுவதும் இந்த ஒருவருக்காக ஒதுக்கப்பட்டது. எபோலாவில் உயிரைக் காப்பது பெரும்பாலும் பழைய வைத்தியம்தான்: இழந்த நீரையும் உப்பையும் இழந்த வேகத்திலேயே திருப்பிக் கொடுப்பது. ரத்தம் கக்கிச் சாகும் நோய் என்ற படம் பலர் மனதில் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்கப் பரவலில் பெரும்பாலானவர்களைச் சாய்த்தது பேதியும் வாந்தியும் கொண்டுபோன நீரும் பொட்டாசியமும். ஒரு நாளில் பல லிட்டர் போகும். அட்லாண்டாவில் சிகிச்சை பெற்றவர்களிடம் பொட்டாசியம், கால்சியம் இரண்டும் தாழ்ந்ததைக் கண்டு அடிக்கடி அளந்து ஈடுகட்டினார்கள்.

டல்லாஸ் நோயாளி உள்ளே சேர்க்கப்பட்டபோது நோயின் ஐந்தாம் நாள். உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. வென்டிலேட்டர், டயாலிசிஸ் இரண்டும் தேவைப்பட்டன. அப்போது பேசப்பட்ட இசட்மேப் என்ற எதிர்ப்புரத மருந்தின் கையிருப்பு தீர்ந்துபோயிருந்தது. பிழைத்தவரின் பிளாஸ்மா ரத்த வகை பொருந்தாததால் கொடுக்க முடியவில்லை. அக்டோபர் 4 அன்று பிரின்சிடோஃபோவிர் என்ற ஆய்வுநிலை மருந்து தொடங்கப்பட்டது. பதினொரு நாள் சிகிச்சைக்குப் பின், அக்டோபர் 8 காலை அவர் இறந்தார். முதல் வருகையிலேயே சேர்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. நீரிழப்பு தொடங்கும் முன்பே டிரிப்ஸ் ஏறியிருக்கும்; ஏறத்தாழ ஐம்பத்தைந்து மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

இரண்டு செவிலியர்கள்

அக்டோபர் 10 அன்று, அவரைப் பராமரித்த 26 வயதுச் செவிலியருக்குக் காய்ச்சல். மறுநாள் இரவு சோதனை பாசிட்டிவ். 15ஆம் தேதி 29 வயதுச் செவிலியர் ஒருவருக்கும் உறுதியானது. இவர் 10ஆம் தேதி விமானத்தில் வேறு மாநிலம் போய், 13ஆம் தேதி திரும்பும் நேரத்தில் 99.5 டிகிரி இருப்பதைத் தெரிவித்திருந்தார். அப்போதைய கண்காணிப்பு வரம்பு 100.4. வரம்புக்குக் கீழே இருந்ததால் பயணத்துக்குத் தடை சொல்லப்படவில்லை. மறுபடியும் அதே கதை: ஒரு எண், அதற்குக் கீழே ஒரு மனிதர்.

எந்த நொடியில் எந்தத் தவறால் தொற்றியது என்பது கண்டுபிடிக்கப்படவில்லை. நோய் உறுதியாவதற்கு முந்தைய நாட்களே மிக ஆபத்தானவை என்று சி.டி.சி. தலைமை நாடாளுமன்றத்தில் சொன்னது. வெளியே தெரிந்த கழுத்துப் பகுதியை மருத்துவ டேப் ஒட்டி மூடச் சொன்னார்கள் என்று செவிலியர் சங்கம் குற்றம் சாட்டியது. அந்தக் குற்றச்சாட்டுகள் எப்படி இருந்தாலும், டேப் ஒட்டும் யோசனையில் ஒரு கண்ணி இருக்கிறது. பயந்தவர்கள் கூடுதலாக ஓர் உறை, கூடுதலாக ஒரு டேப் என்று அடுக்குவார்கள். போடும்போது பாதுகாப்பாகத் தெரியும். கழற்றும்போது அந்த டேப்பைப் பிய்க்க, நோயாளியின் கழிவு பட்ட கையுறை விரல் கழுத்துத் தோலைத் தொட்டே ஆக வேண்டும். பாதுகாப்பு உடையில் தொற்று பெரும்பாலும் கழற்றும்போதுதான் நிகழ்கிறது. களைப்பும் வியர்வையும் அவசரமும் சேர்ந்த நேரம் அது.

அக்டோபர் 20 அன்று சி.டி.சி. புதிய முறையை வெளியிட்டது. தோல் ஒரு துளியும் தெரியக் கூடாது. போட்டுக் கழற்றிப் பயிற்சி பெற்றுத் தேறியவர் மட்டுமே உள்ளே போகலாம். போடுவதையும் கழற்றுவதையும் ஒரு பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர் நின்று பார்த்து, ஒவ்வொரு படியையும் உரக்கப் படிக்க வேண்டும். கழற்றும் வரிசை சுருக்கமாக இப்படிப் போகும். முதலில் வெளிக் கையுறையைக் கிருமிநாசினியால் துடைத்து ஏப்ரனைக் கழற்று. மறுபடி துடைத்துக் காலணி மேலுறையைக் கழற்று. பின் வெளிக் கையுறையைத் துடைத்துக் கழற்று. இனி உள் கையுறை. அதைத் துடைத்து முகத்தடுப்பு, துடைத்துத் தலைமூடி, துடைத்து மேலங்கி. பிறகு புது உள் கையுறை மாட்டி, தலையை முன்னால் சாய்த்து, என்95 முகக்கவசத்தின் கீழ் நாடாவை முதலிலும் மேல் நாடாவைப் பிறகும் எடுத்து, முன்பக்கத்தைத் தொடாமல் கழற்று. கடைசியாகக் கையுறை, கை சுத்தம். ஒவ்வொரு பொருளுக்கும் இடையே கையுறையைத் துடைப்பதுதான் இந்த வரிசையின் உயிர். அவசரத்தில் முதலில் விடுபடுவதும் அதுதான்.

இரு செவிலியர்களும் உயர் தனிமை வசதி கொண்ட மையங்களுக்கு, ஒருவர் பெதஸ்டாவுக்கும் மற்றவர் அட்லாண்டாவுக்கும், மாற்றப்பட்டு அக்டோபர் மாத முடிவுக்குள் குணமானார்கள். அறிகுறி தொடங்கிய ஓரிரு நாளில் சிகிச்சை தொடங்கியது அவர்களுக்குப் பெரிய அனுகூலம்.

வீடும் ஆம்புலன்ஸும்

நோயாளி நான்கு நாள் காய்ச்சலோடு இருந்த வீட்டில், ஒரே கூரைக்கு அடியில் இருந்தவர்களுக்கு நோய் வரவில்லை. முதல் வருகையில் அவரைத் தொட்ட அவசரப் பிரிவு ஊழியர் எவருக்கும் வரவில்லை. அவரை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ் முடிவு வரும்வரை ஓட்டத்திலேயே இருந்தது. அதில் போனவர்களுக்கும் வரவில்லை. செவிலியர்களின் தொடர்புகளையும் சேர்த்து டெக்சாஸில் 177 பேரை 21 நாள் கண்காணித்தார்கள். நவம்பர் 7 அன்று கண்காணிப்பு முடிந்தது.

இது அதிர்ஷ்டம் அல்ல. எபோலா அறிகுறிக்கு முன் தொற்றாது. தொடக்கத்தில் ரத்தத்திலும் கழிவிலும் கிருமி குறைவு. நோய் முற்ற முற்ற மில்லிலிட்டருக்குக் கோடிக்கணக்கில் ஏறுகிறது. அதனால்தான் ஒரே அறையில் படுத்தவர்கள் தப்பினார்கள், பாதுகாப்பு உடை போட்டவர்கள் சிக்கினார்கள். வாசலில் தேவை உடனடித் தனிமை, எளிய தடுப்பு. வார்டில் தேவை கடும் ஒழுங்கு. இரண்டையும் குழப்பி, டிரையாஜ் மேசையிலேயே எல்லோருக்கும் விண்வெளி உடை மாட்டினால் ஒரு வாரத்தில் யாரும் எதையும் பின்பற்ற மாட்டார்கள்.

என்ன மாறியது, இன்று எப்படி நடத்துவது

டிசம்பர் தொடக்கத்துக்குள் அமெரிக்கா 35 மருத்துவமனைகளை எபோலா சிகிச்சை மையங்களாக அறிவித்தது. மற்ற அவசரப் பிரிவுகளின் வேலை கண்டுபிடி, தனிமைப்படுத்து, தெரிவி என்ற மூன்றோடு சுருங்கியது. பயணக் கேள்வி பல மருத்துவமனைகளில் டிரையாஜின் முதல் திரைக்கு ஏறியது. பதில் ‘ஆம்’ என்றால் எச்சரிக்கை எழும். எச்சரிக்கை எழுவது மட்டும் போதாது. யார் யாரிடம் வாயால் சொல்ல வேண்டும், சொன்ன நேரம் எங்கே பதிவாகும் என்பதும் விதியில் இருக்க வேண்டும்.

பயணக் கேள்வி எல்லா நோய்க்கும் சாவி அல்ல. 2018இல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது கேட்க வேண்டிய கேள்வி வேறாக இருந்தது: வீட்டில் அண்மையில் வேறு யாருக்காவது இதே மாதிரி வந்ததா? ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து விழுந்த மூளைக்காய்ச்சலைப் பார்த்துத்தான் மருத்துவர்களுக்குச் சந்தேகம் வந்தது. அங்கேயும் தொற்றியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மருத்துவமனையில்தான் தொற்றியது. எந்த நாடு, எப்போது வந்தீர்கள், வீட்டில் யாருக்கு நோய், யாரையாவது பராமரித்தீர்களா, சாவு வீட்டுக்குப் போனீர்களா. நாலைந்து கேள்வி, ஒரு நிமிட வேலை.

பதில் சந்தேகம் தந்தால், நோயாளிக்கு உடனே முகக்கவசம். தனிக் கழிப்பறை உள்ள அறை, கதவு மூடி. உள்ளே போகிறவர்கள் எத்தனை குறைவோ அத்தனை நல்லது, ஒவ்வொருவரின் பெயரும் நேரமும் வாசலில் பதிவு. மலேரியா சோதனையை எபோலா பயத்தில் தள்ளிப்போடக் கூடாது. மலேரியா கடுமை என்று தெரிந்தால் ஆர்ட்டிசுனேட் கிலோவுக்கு 2.4 மி.கி. நரம்பு வழி, 0, 12, 24 மணிகளில். மலேரியா பாசிட்டிவ் வந்தது என்பதற்காக எபோலா சந்தேகத்தைக் கைவிடவும் கூடாது. இரண்டும் சேர்ந்தும் வரலாம். பாக்டீரியாத் தொற்றை விலக்க முடியாதபோது செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபென், ஆஸ்பிரின் வேண்டாம், தசை ஊசியும் வேண்டாம். ரத்தக் கசிவுக்கும் சிறுநீரகத்துக்கும் அவை பகை.

குடிக்க முடிந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல். ரத்த ஓட்டம் தளரும் அதிர்ச்சி நிலை என்றால் பெரியவருக்கு ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப்ஸ் திரவம் ஒரு லிட்டரை வேகமாக ஏற்றி, மறுபடி பார்த்து, தேவைக்கேற்பத் தொடர வேண்டும். பொட்டாசியத்தை ஊகிக்காமல் அளக்க வேண்டும். ரத்தம் எடுப்பதை ஒரே குத்தில் முடிக்க வேண்டும். ஊசிக்கு மூடி திரும்பப் போடவே கூடாது. சிந்திய கழிவை முதலில் உறிஞ்சுதாளால் மூடி, மேலே 0.5 சதவீதக் குளோரின் கரைசல் ஊற்றி, நேரம் கொடுத்த பிறகே துடைக்க வேண்டும். நேரடியாகத் தெளித்தால் துளி பறக்கும்.

பி.சி.ஆர். விஷயத்தில் ஒரு பொறி உண்டு. அறிகுறி தொடங்கி 72 மணி நேரம் ஆவதற்குள் எடுத்த மாதிரி நெகட்டிவ் வந்தால் அது விடுதலைப் பத்திரம் அல்ல. 72 மணி தாண்டி மறுபடி எடுக்க வேண்டும். டல்லாஸ் நோயாளிக்கு முதல் இரவிலேயே சோதனை செய்திருந்தாலும் அது இரண்டாம் நாள் மாதிரிதான். தவறான நெகட்டிவ் வர வாய்ப்பு இருந்தது. தனிமைதான் அவரைப் பிடித்திருக்கும், சோதனை அல்ல.

2014இல் இல்லாத மருந்து இன்று இருக்கிறது. காங்கோவில் 2018-19இல் நடந்த பால்ம் ஆய்வில், இசட்மேப் பெற்றவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் சுமார் 50 சதவீதம். எம்ஏபி114, ரீஜென்-இபி3 என்ற புதிய எதிர்ப்புரத மருந்துகளில், முதலாவதைப் பெற்றவர்களில் 35, இரண்டாவதைப் பெற்றவர்களில் 34 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. இந்தப் புதிய இரண்டும் 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இரண்டுமே ஒரே முறை நரம்பு வழி ஏற்றுபவை. சயர் வகை எபோலாவுக்கு மட்டுமே பயன்படும். டல்லாஸுக்கு வந்தது அந்த வகைதான். நோய் முற்றாத நிலையில் கொடுத்தால் பலன் அதிகம். 25ஆம் தேதி இரவுக்கும் 28ஆம் தேதி காலைக்கும் உள்ள வேறுபாடு இன்று முன்னைவிட விலை கூடியது.

கடைசியாக, வீட்டுக்கு அனுப்பும் தாள். கையெழுத்திடுமுன் நாடி, ரத்த அழுத்தம், சுவாசம், வெப்பம் நான்கையும் மறுபடி எடுத்து, வந்தபோது இருந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுத வேண்டும். ஏதாவது ஒன்று வந்ததைவிட மோசமாக இருந்தால் செவிலியரே அனுப்பலை நிறுத்தலாம். மருத்துவர் படுக்கைக்குத் திரும்பி வந்து, பயணக் கேள்வியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.